கிழ லேப்டாப்புக்கு ஒரு கஷாயம்

ஒரு லேப்டாப்புக்குப் பத்து வயசு ஆகிவிட்டால், மனுஷக் கணக்கில் எழுபத்தைந்து என்று வைத்துக்கொள்ளலாம். விஞ்ஞானிகள் யாரும் சொன்னதல்ல. என் சொந்தக் கணக்கு. எழுபத்தைந்து வயசுப் பெரியவருக்கு வருகிற சகல உபாதைகளும் அதற்கும் வரும். காலையில் எழுந்திருக்க நேரமாகும். நாலு படி ஏறினால் மூச்சிரைக்கும். உடம்பு எப்போதும் கணகணவென்று இருக்கும். இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கும். சமயத்தில் வயிறு உப்பிக்கொள்ளும்.

இதற்காகப் பெரியவரை யாரும் எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் கொடுத்துவிடுவதில்லை. லேப்டாப்பைக் கொடுத்துவிடுகிறோம்.

எங்கள் ஆபீசிலும் தெருவிலும் நான் ஒரு மாதிரி லேப்டாப் வைத்தியன். பட்டம் கிட்டம் எதுவும் கிடையாது. வீட்டில் சின்னச் சின்ன ஸ்க்ரூ டிரைவர்கள் அடங்கிய டப்பா ஒன்று இருக்கிறது. அந்த டப்பாவைப் பார்த்தவர்கள் பரப்பிவிட்ட புகழ். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலிங் பெல் அடித்தால் பால், பேப்பர், லேப்டாப் இந்த மூன்றில் ஒன்று.

அப்படி வந்தவர்களில் ஒரு தம்பியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை. வயசு இருபத்தெட்டு இருக்கும். தோள்பையிலிருந்து 2014-ல் வாங்கிய லேப்டாப்பை எடுத்து மேஜையில் வைத்தார்.

"சார், இதை எக்ஸ்சேஞ்ச்ல போட்டா எவ்வளவு சார் கொடுப்பாங்க? புதுசு இருபத்து நாலு மாச இ.எம்.ஐ.ல எடுக்கலாம்னு பார்க்கிறேன்."

"இதுக்கு என்ன கேடு?"

"ஸ்லோ சார். ஆன் பண்ணிட்டுக் குளிக்கப் போயிடுவேன். குளிச்சி, சாமி கும்பிட்டு, டிபன் சாப்பிட்டு வந்தா கரெக்டா இருக்கும்."

"உள்ளே முக்கியமா ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் பெரிசா இல்ல சார். படம், பாட்டு, டிகிரி சர்ட்டிபிகேட் ஸ்கேன் பண்ணது..." என்று இழுத்தவர் கொஞ்சம் நிறுத்தி, "அப்பா பேசினது கொஞ்சம் இருக்கு" என்றார்.

அப்பா ஊரிலிருந்து வாட்ஸப்பில் டைப் அடிக்கத் தெரியாமல் பேசியே அனுப்புவாராம். மழை பெய்தது, மாடு கன்று போட்டது, பணம் கிடைத்தது, நீ சாப்பிட்டியா... இப்படி. 2021-ல் அப்பா போய்விட்டார். அப்புறம் ஒருநாள் போன் தண்ணீரில் விழுந்து அதுவும் போய்விட்டது. நல்லவேளையாக அதற்கு முன்பே எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்தார். வேறு எங்கேயும் காப்பி கிடையாது.

எக்ஸ்சேஞ்ச் பேச்சை அதோடு நிறுத்தினோம்.

*

முதலில் கவனித்தது, லேப்டாப் மேஜையில் லேசாக ஆடியது. மேஜை சரியாகத்தான் இருந்தது. அடிப்பாகம்தான் தொந்தி போட்டிருந்தது. மேல்பக்கம் டச்பேட் ஒரு ஓரமாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

"இது எப்போதிலிருந்து?"

"ஆறு மாசமா இருக்கு சார். அதுவும் நல்லதாப் போச்சு. இப்போ லேசாத் தொட்டாலே க்ளிக் ஆகுது!"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆறு மாதமாக ஒரு சின்ன நெருப்புப் பெட்டியைப் படுக்கையில் வைத்துக்கொண்டு இந்தத் தம்பி சினிமா பார்த்திருக்கிறார்.

லேப்டாப்பில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. 1991-ல் ஜப்பானின் சோனி கம்பெனி முதன்முதலாகக் கடைக்குக் கொண்டுவந்தது. இதன் அடிப்படையைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2019-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதில் குட்இனஃப் என்பவருக்கு அப்போது 97 வயசு. அவர் கடைசிவரை நன்றாக உழைத்தார். அவருடைய பேட்டரி அப்படி இல்லை. முழுசாக ஏற்றி இறக்குவதை ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால், முந்நூறு முதல் ஐந்நூறு சுற்றில் அதன் கொள்ளளவு கண்ணுக்குத் தெரியும்படி குறைய ஆரம்பிக்கும். எப்போதும் சார்ஜரிலேயே செருகி நூறு சதவிகிதத்தில், அதுவும் சூட்டில், வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம். உள்ளே இருக்கிற திரவம் சிதைந்து வாயுவாகிறது. வாயுவுக்கு வெளியே போக வழியில்லை. உப்புகிறது.

உப்பிய பேட்டரி உடனே வெடித்துவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். பல மாதங்கள் சும்மா இருக்கும். ஆனால் அதை அழுத்தினாலோ, குத்தினாலோ, இன்னும் சார்ஜ் ஏற்றினாலோ தீப்பிடிக்கக்கூடும். பிடித்தால் லேசில் அணையாது. அதனால் டச்பேட் தூக்கினால், மூடி சரியாக மூடாவிட்டால், தரையில் வைத்து ஆடினால், சார்ஜரைப் பிடுங்குங்கள். அணையுங்கள். பேட்டரி ஸ்க்ரூவில் நிற்கிறதென்றால் கழற்றலாம். பசை போட்டு ஒட்டியிருந்தால் கத்தி, கரண்டி எதையும் விட்டு நெம்ப வேண்டாம், கடைக்காரரிடம் போய்விடுங்கள். கழற்றியதைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்ப வாங்கிக்கொள்கிற பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு இருக்கிறது. அவர்களிடம் போய்ச் சேரும்வரை மணல் போட்ட மண் தொட்டியில், வெயில் படாத இடத்தில், வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

தம்பியின் பேட்டரி நாலு ஸ்க்ரூவில் நின்றது. கனெக்டரை மெதுவாகக் கழற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்த் தொட்டியில் வைத்தேன். கொழுக்கட்டை மாதிரி இருந்தது. தம்பி அதைப் பார்த்துவிட்டு, "இதுமேலயா சார் நான் கைவெச்சுத் தூங்கினேன்?" என்றார்.

(உப்பாத பேட்டரிக்கும் நாடி பார்க்கலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் என்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்து, ஆங்கிலத்தில் 'பவர்சிஎஃப்ஜி' என்று சேர்த்து அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஒரே வார்த்தையாக அடியுங்கள். ஜாதகம் ஒன்று எழுதி எங்கே வைத்திருக்கிறேன் என்று சொல்லும். அதில் டிசைன் கெப்பாசிட்டி என்பது பிறந்தபோது இருந்த பலம். ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி இன்றைய பலம். பாதிக்கும் கீழே போயிருந்தால் புது பேட்டரிக்குப் பணம் சேர்க்க ஆரம்பிக்கலாம்.)

*

பேட்டரி இல்லாமலே பெரும்பாலான லேப்டாப்கள் சார்ஜரில் ஓடும். இன்வெர்ட்டர் இணைப்பு உள்ள ப்ளக்கில் செருகினேன். நடுவில் கரண்ட் போய்த் தொலைத்தால் என்ன செய்வது? ஆன் ஆனது. சுழல ஆரம்பித்தது. அப்புறம் அந்தச் சத்தம் கேட்டது.

டிக்... டிக்... சின்ன மௌனம்... டிக்.

பழைய லேப்டாப்பில் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க். பளபளவென்று கண்ணாடி மாதிரி ஒரு தட்டு, நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்றும். அதன்மேல் ஒரு முள் அங்கேயும் இங்கேயும் ஓடிப் படிக்கும். பழைய கிராமபோன் மாதிரிதான், ஆனால் முள் தட்டைத் தொடாது. நானோமீட்டர் கணக்கில் இடைவெளி விட்டு மிதக்கும். தலைமுடியின் தடிமன் எண்பதாயிரம் நானோமீட்டருக்குப் பக்கத்தில் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். படிக்க முடியாத இடம் வந்தால் முள் திரும்பப் போய்த் திரும்ப வருகிறது. அந்தச் சத்தம்தான் டிக்.

இந்தச் சத்தம் கேட்ட பிறகு ஜனங்கள் செய்கிற காரியங்கள் இருக்கிறதே! ஒருத்தர் டீஃப்ராக் ஓட்டுவார். ஒருத்தர் வைரஸ் ஸ்கேன் போடுவார். விஷயம் தெரிந்தவர் ஒருத்தர் 'செக் டிஸ்க்' ஓட்டினால் சரியாகிவிடும் என்பார். சாகக் கிடக்கிறவரை எழுப்பி மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வது மாதிரி இது. இந்த நிலையில் டிஸ்க்குக்குள்ள மிச்ச ஆயுசைக் காப்பி எடுப்பதற்கு மட்டும்தான் செலவழிக்க வேண்டும். அதிலும் வரிசை முக்கியம். எல்லோரும் மொத்த ஃபோல்டரையும் செலக்ட் செய்து இழுத்து விடுவார்கள். முதலில் போவது 2015-ல் டவுன்லோடு பண்ணிய சினிமா. அது பாதி போகும்போதே டிஸ்க் கண்ணை மூடிவிட்டால் கதை முடிந்தது.

தம்பியிடம் கேட்டேன்: "எந்த ஃபோல்டர்?"

"அப்பா."

பென் டிரைவில் அது மட்டும் முதலில் போனது. நூற்றிப் பன்னிரண்டு ஃபைல்கள். எல்லாம் சேர்ந்தும் ஒரு சினிமாப் பாட்டு வீடியோ அளவுகூட இல்லை. ஆனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுநடுவே பச்சைக் கோடு அசையாமல் நிற்கும், டிக் டிக் கேட்கும், தம்பி என் முகத்தைப் பார்ப்பார், நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன். 109 தேறியது. மூன்று வரவில்லை. பிறகு சர்ட்டிபிகேட். பிறகு போட்டோ. பாட்டெல்லாம் வருவதற்குள் டிஸ்க் மௌனமாகிவிட்டது. பாட்டு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும்.

பென் டிரைவிலிருந்து உடனே என் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி. அவருடைய மெயில் கணக்கின் இலவச இடத்தில் இன்னொன்று. ஒரே இடத்தில் இருப்பதற்குப் பெயர் காப்பி இல்லை.

உங்கள் டிஸ்க் டிக் என்று சொல்வதற்கு முன்பே அதன் மனசை அறிய வழி உண்டு. 'க்ரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்று ஓர் இலவச சாஃப்ட்வேர். திறந்தால் நீலம், மஞ்சள், சிவப்பு மூன்றில் ஒரு நிறம் காட்டும். நீலம் சுகம். மஞ்சள் என்றால் அன்றைக்கே காப்பி எடுங்கள். 'ரீஅலகேட்டட் செக்டார்' என்று ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். கூரை ஒழுகுகிற இடத்தில் பாத்திரம் வைப்போம் அல்லவா? டிஸ்க்கும் கெட்டுப்போன இடத்துக்குப் பதிலாகத் தன்னிடம் உள்ள உபரி இடத்தை எடுத்து வைத்துச் சமாளிக்கும். எத்தனை பாத்திரம் வைத்திருக்கிறது என்பதுதான் அந்த எண். அது வாராவாரம் ஏறுகிறது என்றால் மழை வலுக்கிறது என்று அர்த்தம்.

*

இதெல்லாம் முடிந்து பழைய டிஸ்க்கை எடுத்த இடத்தில் ஓர் எஸ்.எஸ்.டி.யை வைத்தோம். அதே இரண்டரை அங்குலப் பெட்டி, அதே ஓட்டை, அதே கனெக்டர். புது லேப்டாப்புக்கு அவர் கொடுக்க இருந்த தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று பலர் கேட்கிறார்கள். சின்னக் கணக்கு. நிமிஷத்துக்கு 5,400 சுற்று என்றால் விநாடிக்கு 90. வேண்டிய இடம் முள்ளுக்கடியில் வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முள் நகரும் நேரமும் சேர்ந்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களில் விநாடிக்கு நூறைப் படிப்பதே பெரிசு. விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கில் கேட்கிறது. ரேஷன் கடையில் ஒரே ஓர் ஆள் பில் போட்டு, அவரே அரிசி அளந்து, அவரே கதவையும் சாத்துகிற நிலைமை. எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கு எதுவுமே இல்லை, எல்லாம் சிலிக்கன். அதே மாதிரி சின்னப் படிப்புகளை விநாடிக்குப் பல்லாயிரம் முடித்துவிடும்.

ஆக, "பிராஸஸர் பழசு சார், அதான் ஸ்லோ" என்று கடையில் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் என்கிற பத்தியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே நூறு சதவிகிதம் காட்டினால் குற்றவாளி பிராஸஸர் இல்லை. டிஸ்க் சும்மா இருந்து மெமரி 90-ஐத் தாண்டினால் ராம் போதவில்லை. தம்பியினுடையதில் 4 ஜி.பி. இருந்தது, இன்னொரு 4 போட்டோம். ஒரு ஜாக்கிரதை: 2013, 2014 வாக்கில் வந்த லேப்டாப்கள் பலவற்றுக்கு டிடிஆர் 3 எல் என்ற ரகம் வேண்டும். அந்தக் கடைசி 'எல்' முக்கியம். குறைந்த வோல்ட்டில் வேலை செய்கிற ரகம். ரிச்சி தெருவில் அவசரத்தில் 'எல்' இல்லாததைத் தள்ளிவிட்டால் வீட்டுக்கு வந்து திரை இருட்டாக நிற்கும்.

*

சூட்டு விஷயம் தனி. லேப்டாப் என்றால் மடியில் வைத்துக்கொள்வது என்று பெயர் வைத்தவர் பத்து வருஷம் கழித்து வந்து தன் மடியில் வைத்துப் பார்க்க வேண்டும். இட்லி வேகும்.

எங்கள் ஆபீசில் ஒருவருடைய லேப்டாப் மத்தியானம் மூன்று மணிக்குமேல் மாட்டு வண்டியாகிவிடும். காலையில் நன்றாக இருக்கும். அவர் அதற்கு ராகுகாலம், எமகண்டம் என்றெல்லாம் காரணம் வைத்திருந்தார். பிராஸஸர் நூறு டிகிரியை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுதான் எமகண்டம். அடிமூடியைக் கழற்றினேன். ஃபேனுக்கும், காற்று வெளியே போகும் அந்தச் சின்னச் செம்புச் சீப்புக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி. நிஜமாகவே கம்பளி! இடுக்கியால் பிடித்து இழுத்தால் முழுசாக வந்தது. தூசி, முடி, பஞ்சு... இரண்டு இடத்தில் குங்குமம்.

ஆயுத பூஜைக்கு லேப்டாப்புக்குப் பொட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. காற்றோட்டத் துவாரத்துக்கு மேலே வைக்க வேண்டாம், அவ்வளவுதான். விபூதிக்கும் இது பொருந்தும்.

ஊதும்போது ஃபேனின் இறக்கையை ஒரு விரலாலோ குச்சியாலோ பிடித்துக்கொண்டு ஊதுங்கள். இல்லையென்றால் அது கண்டபடி சுற்றித் தன் பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் போகும். பிராஸஸருக்கும் செம்புக்கும் நடுவே தடவியிருக்கும் பசை பத்து வருஷத்தில் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். அதைத் துடைத்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும். எவ்வளவு? ஒரு துவரம்பருப்பு அளவு போதும். சிலர் தோசைக்கு நெய் விடுகிற மாதிரி தாராளமாக விடுகிறார்கள். வழிந்து பக்கத்தில் போவதுதான் மிச்சம். அந்தப் பசை கண்ணுக்குத் தெரியாத சின்னப் பள்ளங்களை நிரப்புவதற்கு மட்டும்தான்.

இதை முடித்த பிறகு மூன்று மணிக்கும் லேப்டாப் காலை மாதிரியே ஓடியது. அவர், "இன்னிக்கு நல்ல நாள்" என்றார்.

*

எதிர்வீட்டு ரிடையர்டு சார் ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்குப் பதற்றமாக வந்தார். "யாரோ ஹேக் பண்ணிட்டான்பா. பேங்க் சைட்டுக்குள்ள போகவே விடமாட்டேங்குது. 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல'ன்னு சொல்றான். பென்ஷன் பணம் எல்லாம் அதுலதான் இருக்கு!"

போய்ப் பார்த்தேன். ரொம்ப நேரம் ஆகவில்லை. திரையின் வலது கீழ்மூலையில் தேதி 2012 ஜனவரி 1 என்று இருந்தது.

பேங்க் சைட்டுகள் கையில் ஓர் அடையாளச் சீட்டு வைத்திருக்கும். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். லேப்டாப் தன் கடிகாரத்தைப் பார்க்கிறது. "என்னய்யா, இன்னும் பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் கழித்துத்தானே இந்தச் சீட்டே செல்லும்?" என்று வாசலிலேயே மறித்துவிடுகிறது. நியாயமான சந்தேகம்தான்.

லேப்டாப்பை அணைத்த பிறகும் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருக்க உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி இருக்கிறது. பெரும்பாலும் சி.ஆர். 2032. அந்த எண்ணிலேயே அளவும் இருக்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2. வாட்ச் கடையில் கிடைக்கும். சில லேப்டாப்களில் அதை இரண்டு சின்ன ஒயரோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருப்பார்கள். அதே ஒயரோடு வாங்க வேண்டும். அன்றைக்கு ராத்திரிக்குத் தேதியைக் கையால் திருத்தினேன். பேங்க் திறந்தது. பென்ஷன் இருந்தது. சார் எனக்கு டிகிரி காப்பி போட்டுக் கொடுத்தார்.

காப்பி என்றதும் ஞாபகம் வருகிறது. கீ போர்டில் காப்பி கொட்டினால் முதல் வேலை பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பது. சேவ் பண்ணலாமா என்றெல்லாம் யோசிக்கக் கூடாது. சார்ஜரையும், கழற்ற வருகிற பேட்டரியையும் கழற்றி, கூடாரம் மாதிரி கவிழ்த்து வைத்து, இரண்டு மூன்று நாள் காய விடுங்கள். அரிசி மூட்டையில் புதைப்பதால் பிரயோஜனமில்லை, அரிசிதான் கெடும். சர்க்கரை போட்ட காப்பி என்றால் காய்ந்த பிறகும் பிசுபிசுப்பு உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். அதைப் பிரித்துத்தான் துடைக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் சர்க்கரை வியாதிக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

*

இன்னொரு ரகம் உண்டு. "தினமும் ராத்திரி ஒழுங்கா ஷட் டவுன் பண்றேன் சார். அப்படியும் மக்கர் பண்ணுது." டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் போய் சி.பி.யு.வைத் தட்டினால் 'அப் டைம்' என்று ஒன்று தெரியும். ஒரு ஆசாமியுடையதில் 41 நாள் என்று இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உள்மனசு நிஜமாகத் தூங்குவதில்லை. தன் நிலைமையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுக் காலையில் அதையே எடுத்துப் படித்துக்கொண்டு எழுந்துவிடும். நேற்றைய கோபமெல்லாம் அப்படியே இருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்மையான தலைமுழுக்கு. அல்லது ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை, சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானம் மாதிரி. இதைச் சொல்லிக் கொடுத்ததற்காகவே ஒருவர் எனக்கு அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கி வந்தார்.

திரை கறுப்பாக இருக்கிறது, ஆனால் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கிறது என்றால், இருட்டு அறையில் போன் டார்ச்சைத் திரையின்மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் படம் வருகிறது, பின்னால் இருக்கிற விளக்குத்தான் போயிருக்கிறது. டி.வி.யில் எச்.டி.எம்.ஐ. ஒயரைச் செருகி, அதில் படம் வந்தால் உயிருக்கு ஆபத்தில்லை. இரண்டிலும் ஒன்றுமில்லை என்றால் ராமைக் கழற்றி, அதன் பொன் நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, தூசி தட்டி, க்ளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்துங்கள். செத்துவிட்டது என்று கொண்டுவரும் பத்தில் இரண்டு மூன்று என் மேஜையில் இதிலேயே பிழைத்திருக்கின்றன. மதர்போர்டு போயிருந்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவேன். கீல் உடைந்து மூடி தொங்குவதற்கும் நான் செலவு செய்யச் சொல்வதில்லை. அது கிட்டத்தட்டக் கூரை மாற்றுகிற வேலை.

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்ததே, அவற்றில் சிலவற்றை இன்னும் பீரோவுக்கு மேலே துணி சுற்றி வைத்திருக்கிறார்கள். தம்பி தங்கைக்கு ஆகுமே என்று எடுத்தவுடன் சார்ஜரைச் செருகாதீர்கள். முதலில் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள், வயிறு தட்டையாக இருக்கிறதா என்று.

*

கடைசியாக, எல்லோரும் கேட்கிற கேள்வி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகக்காரர்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு என்று அறிவித்தார்கள். விண்டோஸ் 11-ஓ கிட்டத்தட்ட 2017-க்கு முந்தைய பிராஸஸர்களை வாசலோடு திருப்பி அனுப்புகிறது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேறு கேட்கிறது. நல்ல உடம்போடு இருக்கிற லேப்டாப்கள் இதனால் ஒரே நாளில் வேலையிழந்தன. எனக்கு இதில் கோபம் உண்டு.

தம்பியினுடையதில் லினக்ஸ் மின்ட் போட்டேன். இலவசம். 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா என்று தெரிந்துகொண்டு பிறகு ஏற்றலாம். பிடிக்காவிட்டால் பென் டிரைவைப் பிடுங்கிவிடலாம். ப்ரௌஸர், மெயில், கணக்குத் தாள், யூடியூப், தமிழ் டைப்பிங் எல்லாம் உண்டு. விண்டோஸில் மட்டும் ஓடுகிற ஆபீஸ் சாஃப்ட்வேர் கட்டாயம் என்றால் இது சரிப்படாது. தம்பிக்கு அது ஆபீஸிலேயே இருக்கிறது. புது பேட்டரி பத்து நாள் கழித்து வந்தது. இ.எம்.ஐ. ஃபாரத்தைக் கிழித்துவிட்டார்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கடையில் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி அவர் கையிலேயே கொடுத்தேன். அதில் வராமல்போன மூன்று ஃபைல்கள் இருக்கின்றன. தூசியில்லாத அறையில் தட்டைத் திறந்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். செலவு அதிகம், உத்தரவாதம் கிடையாது. "எப்பவாவது பார்த்துக்கலாம் சார்" என்று கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இதைப் படித்துவிட்டு யாரும் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அது வைத்தியத்தில் அடங்காது. மாந்திரீகம் தெரிந்தவர்களைப் பாருங்கள்.